சார்லியின் அம்மா எங்கே?

‘777 சார்லி’ படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூனில் தியேட்டரில் தவறவிட்டவர்கள்கூட அப்புறம் வீட்டில் பார்த்து மூக்கைச் சிந்தியிருப்பீர்கள். அன்றைய கர்நாடக முதல்வர் பசவராஜ் பொம்மையே படம் பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டார். கிரண்ராஜ் இயக்கிய கன்னடப் படம், தமிழிலும் வந்தது. கன்னடத்தின் சிறந்த படம் என்று தேசிய விருதும் வாங்கியது.

எல்லாம் சரி. அழுது முடித்துவிட்டு நாம் என்ன செய்தோம்?

கதை உங்களுக்குத் தெரியும். யாரோடும் ஒட்டாத ஒண்டிக்கட்டை தர்மா. குட்டி போட வைத்து விற்கிற ஒருவனிடமிருந்து தப்பி வரும் லேப்ரடார், சார்லி. அதற்குப் புற்றுநோய். நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்ததன் பலன் அது என்கிறார் டாக்டர். பாட்டும் சண்டையும் உள்ள ஒரு கமர்ஷியல் படத்தில் இதைச் சொன்னதற்கே ஒரு சல்யூட். ரக்‌ஷித் ஷெட்டியும் நாயோடு போட்டி போடாமல் நடித்திருக்கிறார்.

என் வருத்தம் வேறு. படம் அந்த வியாபாரியை வில்லனாக்கிவிட்டது. நாமும் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டோம். பி.காம். படித்த புத்தி எனக்கு வேறு கணக்குப் போடுகிறது. கடை என்று ஒன்று நடந்தால் வாடிக்கையாளர் என்று ஒருவர் இருப்பாரே, அவர் எங்கே? படத்தில் அவருக்கு வேஷமே இல்லை. அது நீங்களும் நானும்தான். போதாக்குறைக்கு, கடைசியில் சார்லியின் குட்டி ஒன்று தர்மாவின் கைக்கு வருகிறது. பக்கத்து சீட் பையன் அப்பாவைச் சுரண்டாமல் இருப்பானா? “நமக்கும் ஒண்ணு வாங்கலாம்ப்பா.”

இது நடந்த கதை. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ‘பக்’ நாய் ஓடியது. போன் கனெக்‌ஷனோடு பக் நாயும் ஊரெல்லாம் விற்றது. விலை எகிறியது. சப்பை மூக்கால் வெயிலில் மூச்சு வாங்கத் திணறும் ஜாதி அது. தருமபுரி சித்திரை வெயிலில் நமக்கே நாக்கு தள்ளுகிறது, அதற்குக் கேட்பானேன்?

குட்டி வியாபாரத்தின் சூட்சுமம் ரொம்ப எளிது. குட்டியை முப்பது நாளில் தள்ளிவிட்டால் அடுத்த நாலு வாரத் தீனிச் செலவும் முதல் தடுப்பூசிச் செலவும் மிச்சம். வாங்குகிறவருக்கோ, எவ்வளவு சின்னதோ அவ்வளவு அழகு! வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பார்வோ வந்து வாந்தியும் ரத்தபேதியுமாகச் சுருண்டால், நஷ்டம் உங்கள் கணக்கில். விற்றவர் அதற்குள் அடுத்த ஈற்றுக்குத் தயாராகியிருப்பார். தயாராவது அவரா? கூண்டுக்குள் இருக்கும் தாய்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2017-லேயே விதிகள் போட்டுவிட்டது. வியாபாரத்துக்காகக் குட்டி போட வைப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யவேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக்கூடாது. கென்னல் கிளப் பேப்பர் இருக்கிறதே என்பீர்கள். அது வம்சாவளியைச் சொல்லும். தாய் எப்படி இருக்கிறாள் என்று சொல்லாது.

அதனால் குட்டி வாங்குமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இதோட அம்மாவைப் பார்க்கலாமா?” நல்லபடியாக வளர்ப்பவர் சந்தோஷமாக வீட்டுக்குக் கூப்பிடுவார். “எதுக்கு சார் அலைச்சல்? பெங்களூரு பஸ்ஸில் போட்டு அனுப்பறேன், தருமபுரி ஸ்டாண்டுல வந்து வாங்கிக்குங்க” என்று பதில் வந்தால், போனை வைத்துவிடுங்கள். பாவம், அந்த ஒரு குட்டியையாவது காப்பாற்றுவோம் என்று வாங்கிவிடாதீர்கள். வியாபாரி கணக்கில் அதுவும் விற்பனைதான்.

ஜாதி நாய்தான் வேண்டுமென்றில்லை என்றால் இன்னும் நல்லது. உங்கள் தெருவிலேயே குட்டிகள் இருக்கின்றன. நம்ம வெயிலுக்குப் பழகியவை. வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, சோறு போட்டால் உயிரைக் கொடுக்கும்.

மிகையில்லை. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு பிடிக்க வந்த கள்ளர்களோடு போராடி மாண்ட வீரனோடு, அவர்களைக் கடித்த நாயையும் கல்லில் செதுக்கி, ‘கோவிவன்’ என்று அதன் பேரையும் வெட்டிவைத்தார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே நாய்க்குப் பேர் வைத்து, அதைக் கல்லிலும் எழுதிய சீமை இது.

அடுத்த முறை குட்டி விலை கேட்கும்போது, அதன் அம்மா பேரையும் கேளுங்கள். விற்கிறவர் முழித்தால், அங்கே வாங்காதீர்கள்.