வெளிச்சம் இறங்கும் படிக்கட்டு

பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு என்றாலே எனக்கு இருட்டும், கைபட்டு மழமழத்த கைப்பிடியும், மணி அடித்ததும் எழும் நெரிசலும்தான் நினைவுக்கு வரும். கட்டுகிறவர்கள் மிச்சப்பட்ட மூலையில் தள்ளிவிடும் இடம் அது. அந்த இடத்துக்கே அழகையெல்லாம் அள்ளிக் கொடுத்தவர் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ். கிளாஸ்கோ நகரப் பள்ளி வாரியத்துக்காக 1903 முதல் 1906 வரை அவர் கட்டிய ஸ்காட்லாந்து தெருப் பள்ளியைச் சொல்கிறேன்.

சிவந்த மணற்கல் முகப்பில் அரைவட்டமாக முன்தள்ளி நிற்கின்றன இரண்டு கோபுரங்கள், கூம்புத் தொப்பியோடு. ஸ்காட்லாந்தின் பழைய கோட்டை வீடுகளிலும் இப்படிக் கோபுரங்கள் உண்டு. அங்கே பருத்த கல் சுவர், கீறல் போன்ற சன்னல், உள்ளே சுழன்றேறும் ஒடுங்கிய படி. மெக்கின்டாஷ் அந்த உருவத்தை எடுத்துக்கொண்டு சுவரைக் கரைத்துவிட்டார்! கீழிருந்து மேல்வரை ஈயப்பட்டையில் கோத்த சின்னச் சின்னக் கண்ணாடிகள். இடையிடையே மெலிந்த கல் தண்டுகள் மட்டும். சுழல்படியும் போயிற்று. நேராக ஏறும் படிகளைக் கண்ணாடியை ஒட்டாமல் உள்தள்ளி வைத்தார். வெளிச்சம் தடங்கலில்லாமல் தளம் தளமாக இறங்கி வருகிறது. குளிர்காலத்தில் மூன்றரை, நான்கு மணிக்கே பொழுது சாயும் ஊரில் இதைவிடப் பெரிய கொடை குழந்தைகளுக்கு என்ன இருக்க முடியும்?

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கோபுரம், பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. நடுவே மழலையருக்கென்று தனி வாசல். அவர்கள் உயரத்துக்கு ஏற்பச் சிறியது. நான் மிகவும் விரும்பும் நுணுக்கம் இந்தக் குட்டி வாசல்தான். பின்புறக் கல்லில் ஸ்காட்லாந்தின் சின்னமான முட்செடிப் பூவைக் கோடுகளாகச் சுருக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். செலவு விஷயத்தில் வாரியத்தோடு மெக்கின்டாஷுக்கு ஓயாத இழுபறி. அவர் விட்டுக்கொடுத்திருந்தால் நமக்கு இன்னொரு சாதாரணப் பள்ளிதான் மிஞ்சியிருக்கும்.

சுமார் 1,250 பிள்ளைகளுக்காகக் கட்டியது. பிறகு சுற்றியிருந்த குடியிருப்புகளை இடித்தார்கள், விரைவுச்சாலை வந்தது, குடும்பங்கள் வெளியேறின. 1979இல் மூடியபோது நூறு பிள்ளைகள்கூட இல்லை. 1990இல் அது பள்ளி அருங்காட்சியகமாயிற்று.

கிளாஸ்கோ போகிறவர்கள் ஷீல்ட்ஸ் ரோடு சுரங்க ரயில் நிலையத்தில் இறங்குங்கள். எதிரே நிற்கிறது. தெருவில் நின்று அந்தக் கண்ணாடிகளைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பாருங்கள்.