நடை மட்டும் தேறியது

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் 'திருவிளையாடல்' படத்தை மறுபடியும் பார்த்தேன். பழனிக்காரனுக்கு அது சொந்த ஊர்ப் படம் மாதிரி. 1965இல் ஏ.பி. நாகராஜன் எடுத்தது. தருமி, மீனவன், விறகுவெட்டி எல்லாமே இந்த மலையில் கோபித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை முருகனுக்குத் தாய் சொல்லும் கதைகள்தானே. படம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, மலையைச் சுற்றிவரும் கிரிவீதிக்குக் கிளம்பினேன். மூன்று மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கிளப்பிவிட்டது படம்தானா என்பதே எனக்குள் இருக்கும் வழக்கு.

முதலில் கதை. உடல்நலத்துக்கு இதைவிட விரோதமான கதை கிடையாது. மயிலேறி உலகத்தைச் சுற்றி வந்த தம்பிக்கு வெறுங்கை. அம்மையப்பரை ஒரு சுற்று வந்த அண்ணனுக்கு மாம்பழம். பரிசு புத்திக்குத்தான், அலைச்சலுக்கு இல்லை. உட்கார்ந்தே காலம் தள்ளுகிறவர்கள் காட்டிக்கொள்ள நல்ல சாட்சி. போதாக்குறைக்கு, இதைப் பார்க்க இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்காரவும் வேண்டும்.

அடுத்து ஒளவையாராக வரும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். பிறந்தது 1908, அறுபதை நெருங்கும் வயதில் அந்த மூச்சு. உச்சத்தில் அவர் குரல் நிற்கிற நேரத்துக்குள் எனக்குப் பத்துப் படியில் இரைக்கிறது. வியப்பு நிச்சயம். ஆனால் வியந்தவன் கைதட்டுவான், எழுந்து நடக்க மாட்டான்.

கதையும் குரலும் செய்யாததைச் செய்தது சிவாஜியின் நடைதான். மீனவனாகக் கடற்கரையில் வருகிற அந்த நடை. தோள் ஒரு பக்கம் போகும், இடுப்பு இன்னொரு பக்கம் போகும், கால் மணலைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகும். கட்டுமஸ்தான உடம்பு என்று சொல்ல முடியாது. வயிறு தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த உடம்புக்குத் தன் பாரமே தெரியவில்லை. சின்ன வயதில் இதைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது பொறாமைப்பட்டேன்.

ஆளைக் கிளப்பும் படம் என்றால் இன்னொன்றும் உண்டு. 1976இல் வந்த குத்துச்சண்டைப் படம் 'ராக்கி'யைப் பார்த்துவிட்டு ரசிகர்கள் பிலடெல்பியா அருங்காட்சியகத்தின் 72 படிகளில் ஓடி ஏறி, கையை உயர்த்திப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் படம் பயிற்சியின் வேர்வையைக் காட்டுகிறது. அந்த மட்டில் 'திருவிளையாடல்' அதற்குக் கீழேதான். ஆனால் 'ராக்கி' செதுக்கிய உடம்பைக் கேட்கிறது. ஐம்பது வயதுக்காரனுக்கு அது எட்டாது. தொப்பையோடு லேசாக நடக்கலாம் என்பது எட்டும்.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் இருந்திருந்தால் படம் என்னைக் கிளப்பியிருக்குமா? இருக்காது. ஆனால் டாக்டர் தந்த பயம் ஒரு வாரத்தில் தேய்ந்தது, படத்தின் கிறக்கம் அதற்கு முன்பே தேய்ந்தது. மிச்ச நாட்களுக்கான பெருமை கிரிவீதிக்குத்தான். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024இல் அங்கே வண்டிகள் ஓடுவது நின்றது. ஹாரனுக்கு ஒதுங்காமல் கைவீசி நடக்க முடிகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் தலையில் கடம்பம்பூவோடு சுற்றுகிறவர்கள் மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குச் சினிமா தேவைப்படவில்லை. 693 படிகளுக்கு என் முட்டி இன்னும் சம்மதிக்கவில்லை. வாரம் ஒரு நாள் யானைப்பாதையில் ஏறுகிறேன். விஞ்சுக்கு டிக்கெட் எடுப்பதில்லை.

ஆகவே படத்துக்கு முதல் நாள் மட்டும் சேரும், அதுவும் அந்த ஒரு நடைக்காக. நூற்றுக்கு முப்பத்தைந்து, தேர்ச்சி, அவ்வளவுதான்.

சுற்று முடிந்து அடிவாரத்துக்கு வந்தால் பஞ்சாமிர்த வாசனை. மலைவாழை, சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய். "அரைக்கிலோ டப்பா தரட்டுங்களாண்ணே?" என்கிறார் கடைக்காரர். அந்தப் பழப் போட்டியில் இதுவரை இரண்டு முறை தோற்றிருக்கிறேன்.