பழி சுமந்த பண்டோரா

கிரேக்கப் புராணங்களின் எழிலைப் புகழ்வோர் பலர். அவை எங்கு எழுந்தன, எப்படித் திரிந்தன என்று கேட்போர் சிலரே. பண்டோராவின் கதையைப் பார்ப்போம்.

கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்தவன் ஹெசியாட். ஏரும் பாட்டும் அறிந்த உழவன். 'வேலைகளும் நாட்களும்' என்ற நூலில் அவன் இக்கதையைச் சொல்கிறான். விண்ணவர் தீயைத் திருடி மாந்தர்க்கு ஈந்தான் பிராமீதியஸ். வெகுண்டான் சீயஸ்! மண்ணையும் நீரையும் குழைத்து ஒரு மங்கையைச் செய்வித்தான். ஒரு தெய்வம் எழில் தந்தது. மற்றொன்று நெசவு கற்பித்தது. பொய்யையும் வஞ்சத்தையும் நெஞ்சில் வைத்தான் ஹெர்மிஸ். அவள் சாடியைத் திறந்தாளாம். நோயும் துயரும் உலகெங்கும் பரவினவாம். நம்பிக்கை மட்டும் உள்ளே தங்கிற்றாம். (மூலத்தில் அது சாடிதான். 'பெட்டி' என்பது 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மசின் இலத்தீன் எழுத்து வழியே பரவிய பிழை.)

திருடியவன் ஆண், தண்டித்தவன் ஆண், வஞ்சத்தை ஊட்டியவனும் ஆண். பழியோ பெண்ணுக்கு!

தொடக்கத்திலேயே இவள் பழிக்குரியவள்தானா? பண்டோரா என்ற பெயருக்கு 'அனைத்தும் அளிப்பவள்' என்றும் பொருள் கொள்ளலாம். ஹெசியாட் அதனைத் தெய்வங்கள் எல்லாம் பரிசளித்ததால் வந்த பெயர் என்று திருப்பிவிட்டான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிண்ணம் ஒன்று உண்டு. அதில் அதீனாவும் ஹெப்பஸ்டசும் அணி செய்யும் மங்கையின் பெயர் 'அனெசிதோரா', பரிசுகளை மேலே அனுப்புபவள். விளைச்சலை மண்ணுக்குள்ளிருந்து மேலே அனுப்புபவள் யார்? நிலமகள் அல்லவா! பண்டோரா பழைய நிலத்தாயே என்று ஜேன் ஹாரிசன் 1903இல் வாதிட்டார். அறிஞர் அனைவரும் அதை ஒப்பவில்லை. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

என் வழக்கு ஹெசியாட்டோடுதான். அதே நூலில் அவன் தன் உடன்பிறந்தான் பெர்செசைச் சாடுகிறான். தந்தை விட்ட சொத்தில் மிகுதியைக் கவர்ந்தவன் அவன். அதற்குத் துணை நின்றோர் கையூட்டு விழுங்கும் தலைவர்கள். அந்தத் தலைவர்களை அஞ்சாது இடித்துரைக்கிறான் பாவலன். கார்த்திகை மீன்கள் எழும்போது அறுவடை, மறையும்போது உழவு என்று கண்டதைக் கணித்துச் சொல்லும் கூர்மையும் அவனுக்கு உண்டு. அத்தகையவன், உழைப்பவன் ஏன் வாடுகிறான் என்ற கேள்வி வந்ததும் வழக்கு மன்றத்தை மறந்து சாடியைக் காட்டுகிறானே, ஏன்? வீட்டுப் பெண்ணைப் பழிப்பது எளிது. அதற்கு எந்தத் தலைவனும் சினக்க மாட்டான்.

இந்நூலைக் கையில் எடுக்கும் தோழர்கள் பண்டோராவோடு நின்றுவிடாமல், பெர்செசின் வழக்கையும் சேர்த்தே படிக்க வேண்டுகிறேன்.