எடுத்தனூர் நடுகல்: நாய் செத்ததா?

எடுத்தனூர் நடுகல்லைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் "நாய்க்கு எடுத்த நடுகல்" என்றே தலைப்பு வைக்கிறார்கள். நன்றியுள்ள நாய், எசமானுக்காக உயிர் விட்டது, அதற்கும் தமிழன் கல் நட்டான் என்று கட்டுரை போகும். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை.

இந்தப் பேச்சு இப்போது வரக் காரணம் ஒரு எலி. வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் விலங்குக் காப்பகத்திலிருந்து ஒரு எலியைத் தத்தெடுத்து வளர்த்தார். வளர்ப்பு எலிக்கு ஆயுசே 2, 3 வருஷம்தான். அதிலும் ஒரு பங்கு எங்கோ கழிந்த பிறகே இவர் வீட்டுக்கு வந்தது. செத்த பிறகு அதன் பெயர், சேட்டை, கடைசி நாள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பினார். "நம்ம ஆளுங்க வளர்த்த பிராணிக்கு இப்படி எழுதி வெச்சிருக்காங்களா?" என்று ஒரு கேள்வியும் கூட. சட்டென்று எடுத்தனூர் என்று சொல்லத்தான் வாய் வரும்.

ஜவ்வாது மலையின் தெற்கே இறங்கினால் செங்கம். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவர்களின் கற்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் "செங்கம் நடுகற்கள்" என்று ஒரு தொகுப்பே கொண்டுவந்தது. எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி.

அதில் இரண்டு வாக்கியங்கள். முதலாவது, வாணகோ அரசர் வழியினரின் ஆள் கருந்தேவக் கத்தி தன் எருமைகளைக் காக்கும்போது பட்டான், இது அவன் கல் என்கிறது. "பட்டான்" என்றால் செத்தான். நடுகல்லின் வழக்கமான வினை. இரண்டாவது நாயைப் பற்றியது. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் "காத்திருந்தவாறு" என்று முடிகிறது. இங்கே "பட்டது" இல்லை, "கல்" என்ற சொல்லும் இல்லை. "வாறு" என்றால் "விதம்". அதாவது, இதோ செதுக்கியிருக்கிறதே, இது நாய் காத்து நின்ற விதம். படத்துக்குக் கீழே போடுகிற விளக்கம் மாதிரிதான் (எங்க தொழிலில் கோடுக்குப் பக்கத்தில் கமென்ட் எழுதுவோமே, அது). கல் கத்தியுடையது. நாய் அதில் உயிரோடு நிற்கிறது.

நடுகல் என்றாலே செத்தவர்க்குத்தானே, நாயும் செத்திருக்கும் என்று சிலர் வாதிடலாம். செத்திருந்தால் அதே வினையை இரண்டாம் தடவை போட என்ன தடை? மனிதனுக்கு ஒன்றும் நாய்க்கு வேறொன்றுமாகப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று, நாயின் பெயர் அதைக் கூப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். கத்தி செத்துவிட்டான். ஆக, வீட்டிலோ தொழுவத்திலோ அதைக் கோவிவன் என்று கூப்பிட்ட யாரோ ஒருவர் கல் வெட்டுகிறவனிடம் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். உயிரைக் கொடுத்த நாய் என்று எழுதும்போது நாம் இழப்பது இதைத்தான். செத்தவன் பக்கத்தில் விலகாமல் நின்ற நாய், அதைப் பேர் சொல்லி அழைக்கிற ஆள், இரண்டும் காணாமல் போகிறது.

பிராணிக்கே எடுத்த கல் வேண்டுமென்றால் விழுப்புரம் பக்கம் போகலாம். அரசலாபுரத்துக் கல்லில் ஆள் உருவமே கிடையாது, சண்டைக்கோழி மட்டும். இந்தளூர்க் கோழிக்குப் பொற்கொற்றி என்று பெயரே இருக்கிறது.

நண்பர் கேட்டதற்கு இன்னும் நெருக்கமானது கன்னடத்தில் இருக்கிறது. 949-இல் நம்ம தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் செத்தான். வென்ற பக்கத்தில் இருந்த கங்க அரசன் இரண்டாம் பூதுகன், தன் வீரன் மணலேரனிடம் என்ன வேண்டும் என்று கேட்க, அவன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். நிலம் கேட்டிருக்கலாம். பிறகு காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டுமே செத்தன. மண்டியா மாவட்டம் ஆதகூரில் கோயில் முன்னால் அதற்குக் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேட்டு வாங்கியதும் வழியனுப்பியதும் ஒரே கல்லில். அந்த நிலத்தை அனுபவிக்கிற பூசாரி கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால், நாய் செய்த பாவம் அவனுக்கு என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. காவல், வேட்டை, சண்டை என்று ஏதோ ஒரு வேலை பார்த்த பிராணிகள்தான் இவை எல்லாமே. நண்பரின் எலி ஒரு வேலையும் பார்க்கவில்லை. சட்டைப் பையில் தூங்கியது, அவ்வளவுதான். நம்மிடம் எலி களத்துமேட்டில் திருடன், பிள்ளையாரிடம் வாகனம். மடியில் வைத்துக்கொள்ளும் ஜீவனாக அதை யாரும் கல்லில் ஏற்றவில்லை. அவர் எழுதிய பக்கத்துக்கு இங்கே முன்மாதிரி கிடையாது என்றுதான் பதில் போட்டேன்.

எடுத்தனூரிலும் கோவிவனுக்கு அப்புறம் வந்த சாவுக்குத் தனியாகக் கல் எதுவும் இல்லை.