தேயிலையடி மண்ணும் மனோரதியக் கவிஞனும்

மலையக இலக்கியம் பற்றி எழுதுவோர் சி. வி. வேலுப்பிள்ளையை (1914–1984) யதார்த்தவாதி என்றும் தொழிற்சங்கவாதி என்றும் எடுத்துரைப்பதிற் காட்டும் ஆர்வத்தை, அவர் அடிப்படையில் ஒரு மனோரதியக் கவிஞர் என்பதை ஒப்புக்கொள்வதிற் காட்டுவதில்லை. மனோரதியம் என்ற சொல் ஈழத்து விமர்சன வழக்கில் ஏறக்குறைய வசைச்சொல்லாகிவிட்டமையே இதற்குக் காரணம் போலும். வாழ்க்கைக்கு முகங்கொடுக்க விரும்பாதவர் நிலவிடமும் மலரிடமும் அடைக்கலம் புகும் போக்கே அது எனக் கொள்ளப்படுகிறது. ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்னும் சி. வி.யின் ஆங்கில நெடுங்கவிதையைப் பாராட்டுவோரும் அதன் கண்ணீரை ஏற்றுக்கொண்டு, அதன் அழகை மன்னித்துவிடுகின்றனர். அக்கவிதையில் அழகுதான் வாதமாக நிற்கிறது என்பது கவனிக்கப்படுவதில்லை.

நுவரெலியா மாவட்டத்து மடக்கொம்பரைத் தோட்டத்தில், கங்காணி மரபில் வந்த குடும்பமொன்றிற் பிறந்தவர் சி. வி. லயத்துக்கு அருகில் வளர்ந்தவரேயன்றி லயத்துக்குள் வளர்ந்தவரல்லர். அட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும் கொழும்பு நாலந்தா வித்தியாலயத்திலும் கல்வி கற்றமையால் ஆங்கிலம் அவருக்குக் கவிதை மொழியாக வாய்த்தது. 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தாம் எழுதிய ‘விஸ்மாஜினி’ என்னும் கவிதை நாடகத்தை அவரிடம் கையளித்தார். அந்த இளமை முயற்சியின் தகுதி எவ்வாறிருப்பினும் அது எத்திசையில் முகம் வைத்திருந்தது என்பது தெளிவு. தாகூரின் ஆங்கில நடையிலுள்ள மென்மையும், வேண்டுதல் போன்ற தாழ்ந்த குரலும் சி. வி.யை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வெற்றி பெற்றது. தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றவர் சி. வி. மறு ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. இவ்வரலாறு பலரும் அறிந்ததே. எனினும் அச்சட்டம் கேட்ட கேள்வியின் வடிவம் கவிதையை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது. சட்டத்துக்கு முன் இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமாயின் தம் தந்தை இங்கு பிறந்தவரென்பதை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களென்பதை எண்பிக்க வேண்டும். தோட்டங்களிற் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடவாத காலத்திற் பிறந்தவர்களுக்குக் காகிதத்தை எங்கே தேடுவது? உன் பாட்டன் எங்கே என்று அரசு கேட்டது. 1950களின் முற்பகுதியில் நூலுருப் பெற்ற அந்நெடுங்கவிதையிலும் பாட்டன்மாரே நடுநாயகமாக நிற்கின்றனர். தேயிலைச் செடியின் அடியில், கல்லறையும் பெயர்ப் பலகையுமின்றி, மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றனர்.

இதனை வெறும் இரங்கற்பாவாக வாசித்தல் போதாது. இறந்தோரை மண்ணாகவும் செடியாகவும் காண்பது மனோரதியக் கவிதையின் பழைய உத்திகளுள் ஒன்று. இயற்கையில் மனிதன் கலந்துவிட்டான் என்ற அந்த ஆறுதலைச் சி. வி. சாட்சியமாக மாற்றிவிடுகிறார். பதிவேட்டிற் பெயரில்லாதவன் மண்ணில் இருக்கிறான். தேயிலையின் பசுமையே அவன் இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று. சட்ட மன்றத்தில் எடுபடாத வாதம் கவிதையில் மறுக்க முடியாத வாதமாகிறது. உணர்ச்சிச் செறிவை நீக்கி, கூலிக் கணக்கையும் லயத்தின் அளவையும் மட்டும் அவர் பாடியிருப்பாராயின் அக்கவிதை ஓர் அறிக்கையாகியிருக்கும். அறிக்கைகளுக்கு அக்காலத்திற் குறைவிருக்கவில்லை.

பிற மொழிகளில் இத்தகைய மாற்றம் வேறு வழிகளில் நிகழ்ந்துள்ளது. உருதுக் கவிஞர் அக்தர் ஷீரானி (1905–1948) சல்மா என்ற பெண்ணை இடையறாது விளித்துப் பாடியவர். மனோரதியத்தின் தூய வடிவம் எனலாம். அவருக்குச் சற்றுப் பின்வந்த ஃபெய்ஸ் அஹ்மத் ஃபெய்ஸ், 1941இல் வெளிவந்த தமது முதற்றொகுதியில், காதலியிடமே விடைபெற்றுக்கொண்டு உலகத்தாரின் துன்பத்தின்பால் திரும்பினார். சி. வி.க்கு அவ்வாறு விடைபெற வேண்டிய தேவை எழவில்லை. இந்நெடுங்கவிதையில் தனியொரு காதலி இல்லை. ஏக்கம், பிரிவு, பெயர் சொல்லி அழைக்கும் தவிப்பு ஆகிய காதற் கவிதையின் உடைமைகள் அனைத்தும் தொடக்கம் முதலே இறந்துபோன தொழிலாளிக்கு உரித்தாக்கப்படுகின்றன. பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’யும் நினைவுக்கு வரும். சக்தீ அ. பாலஐயா தமது தமிழாக்கத்துக்குத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று பெயரிட்டது தற்செயலானதாகத் தோன்றவில்லை. ஆயின் பாரதி கடல் கடந்த பீஜித் தீவின் பெண்களுக்காகத் தமிழில் அழுதான். சி. வி. தாம் பிறந்த மண்ணில் நின்றுகொண்டே ஆங்கிலத்தில் அழுதார்.

ஆங்கிலத்தில் எழுதியமை குறையா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அதே மலைகளிற் கோ. நடேசையரும் மீனாட்சி அம்மாளும் தொழிலாளருக்கு விளங்கும் எளிய மெட்டுகளில் தமிழ்ப் பாட்டு எழுதிக் கூட்டங்களிற் பரப்பியிருந்தனர். சி. வி.யின் கவிதை பிரட்டுக் களத்தில் நின்றோரை எட்டவில்லை. சட்டமியற்றியோரையும் தேநீர் அருந்துவோரையும் நோக்கியே அது பேசியது. சாட்சியம் நீதிபதியின் மொழியில் அமைவது இயல்பு என்று சமாதானம் கூறலாம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. அக்கவிதையிற் கொழுந்தெடுக்கும் பெண் மிக அழகாகத் தோன்றுகிறாள். பனியோடும் விடியலோடும் இணைத்து அவளை வரைந்திருக்கிறார் கவிஞர். அவள் வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறந்தவன் பேசாதது பொருத்தமே. உயிரோடிருப்பவளையும் இறந்தவனைப் போல மௌனமாக்கியது மனோரதியத்தின் குற்றம். இவ்விடத்தில் அதனை வசைபாடுவோர் கூற்றில் நியாயம் உண்டு.

‘வீடற்றவன்’, ‘இனிப்படமாட்டேன்’ ஆகிய நாவல்களில் சி. வி. தமிழுக்கு வந்தார். கவிதையின் செறிவு அவற்றில் இல்லை. தொழிற்சங்க அனுபவத்தின் செய்திப் பெறுமதியே மேலோங்கி நிற்கிறது. உண்மையில் அவரது நெடுங்கவிதைக்கு அடுத்தபடியாக வைத்தெண்ண வேண்டியது அவர் படைத்த நூலன்று. அவர் தொகுத்த நூல். மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து, மறைவுக்கு முந்திய ஆண்டான 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற பெயரில் அவர் வெளியிட்டார். தோட்டப் பாடல்களில் வரும் பெண்ணுக்குப் பனியின் அழகு தெரியாததல்ல; அட்டைக்கடியும் தெரியும். கங்காணியை ஏசுகிறாள், கணக்கப்பிள்ளையைப் பரிகசிக்கிறாள், அரைப்பேர் போட்டுக் கூலியைக் குறைத்த நாளை மறவாது சொல்லிக்காட்டுகிறாள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அவள் குரல் கம்மினாலும் கணக்குத் தவறுவதில்லை. அவளைத் தம் ஆங்கிலக் கவிதையில் ஓவியமாக நிறுத்திய அதே கவிஞர், முதுமையில் அவள் பாடியவற்றை அவள் சொல்லிலேயே எழுதிக்கொண்டிருந்தார்.