வில்லும் எண்ணிக்கையும்: இணைய இசைத்தளச் சூழலில் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு

ஆய்வுச்சுருக்கம்

நாஞ்சில் நாட்டுக் கொடைவிழாக்களில் பாடப்படும் வில்லுப்பாட்டு, இரவு முழுவதும் நீளக்கூடிய நிகழ்த்துகலை. இணைய இசைத்தளமோ ‘தடம்’ என்னும் தனி ஒலிப்பதிவையே அலகாகக் கொள்கிறது. இவ்விரண்டும் சந்திக்குமிடத்தில் கதை, கேட்போர், ஊதியம், கலைஞர் பெயர் ஆகியன அடையும் மாற்றத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: வில்லுப்பாட்டு, கொடைவிழா, இசைத்தளம், நிகழ்த்துநர் உரிமை

முன்னுரை

இணையம் நாட்டார் இசையை அழிக்கிறது என்பது ஒரு கருத்து. காக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுமே அக்கலையைப் ‘பாடல்’ எனக் கொண்டு தொடங்குகின்றன. கொடைவிழா வில்லுப்பாட்டோ பாடல்களின் தொகுப்பு அன்று, ஒரு நிகழ்வு. எனவே அது இணையத்தில் வாழுமா என்பதைவிட, இணையத்தில் வாழ்வது எது என்பதே கேட்கத்தக்க வினாவாகும்.

கதையும் தடமும்

வில்லுப்பாட்டு காப்பும் வணக்கமும் கூறித் தொடங்கும். பின்னரே கதைக்குள் நுழையும். வாழி பாடி முடியும். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமானது. ஒரு தடம் 30 நொடிகள் ஒலித்தால் அதனை ஒரு முறை கேட்கப்பட்டதாக அத்தளம் கணக்கிடுகிறது. வில்லுப்பாட்டின் முதல் 30 நொடிகளில் கதையே தொடங்கியிருக்காது. முழு இரவின் கதையும் மூன்று நிமிடத் திரைப்பாடலும் இக்கணக்கில் ஒன்றே. ஆகவே கதையைத் துண்டுகளாக்கிப் பதிவேற்றுவதே பதிவேற்றுவோருக்கு இலாபமாகிறது.

துண்டாக்கம் புதிதன்று. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். அறுபது நிமிட ஒலிநாடாவின் ஒரு பக்கம் அரைமணி நேரம். ஆனால் நாடாவை விலைகொடுத்து வாங்கியவர் அதனை எத்தனை முறை கேட்டார் என்பது விற்றவருக்குத் தெரியாது. இன்று ஒவ்வொரு தாவலும் பதிவாகிறது; அப்பதிவே வருவாயையும் அடுத்த பரிந்துரையையும் தீர்மானிக்கிறது. முன்பு ஊடகத்தின் கொள்ளளவு கதையை வெட்டியது; இப்போது கேட்போரின் பொறுமை குறித்த கணக்கு வெட்டுகிறது.

கேட்போர் யார்?

நாகர்கோவில் வட்டாரத்தில் களப்பணி செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில், பிறப்புக் கதைகளையும் இறப்புக் கதைகளையும் பிரித்தறிந்து, கொலையுண்டு தெய்வமானோர் கதைகளுக்கும் சாமியாட்டத்திற்கும் உள்ள உறவை விளக்கினார். அவ்விளக்கத்தின்படி நோக்கினால், கொடையில் முதன்மையான கேட்பவர் தெய்வமே. புலவர் சாமியாடியைக் கவனித்தே பாடுகிறார். அருள் வரத் தாமதித்தால் அடிகள் திரும்ப வரும். உடுக்கையும் குடமும் விரையும். கேட்பவரின் உடல் பாட்டின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. இசைத்தளத்திலும் கேட்பவரே நீளத்தைத் தீர்மானிக்கிறார். ஆனால் பாடுபவர் அதனை அறிந்து மறுமொழி கூற இயலாது. ‘திரும்பப் பாடல்’ என்னும் உத்தி அங்கே வெறும் கூறியது கூறலாகத் தோன்றும்.

நாகர்கோவிலைச் சார்ந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும், 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகமும் வில்லுப்பாட்டைக் கோயிலுக்கு வெளியே சமூகக் கருத்துகளுக்கான மேடைக்கலையாக வளர்த்தனர். சுருக்கமும் நகைச்சுவையும் கொண்ட அவ்வடிவம் இணையத்திற்கு எளிதில் பொருந்துகிறது. அதனை மட்டுமே கேட்கும் தலைமுறை அதையே முழு வில்லுப்பாட்டு எனக் கொள்ளும் வாய்ப்புண்டு.

ஊதியமும் பெயரும்

கொடையில் விழாக்குழுவினர் பேசி முடித்த தொகை குழுவினரிடையே பகிரப்படுகிறது. இசைத்தளங்களில் பெரிதும் வழங்கும் முறை வேறு: மொத்த வருவாய் ஒரு தொகுதியாகச் சேர்க்கப்பட்டு, மொத்தக் கேட்பில் பெற்ற பங்கிற்கேற்பப் பிரிக்கப்படுகிறது. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத தடத்தின் ஒலிப்பதிவுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் உரிமைத்தொகை வழங்குவதில்லை. ஒரு வட்டாரத்தின் தெய்வக் கதை இவ்வெல்லையை எட்டுவது அரிது. எட்டினாலும் தொகை ஒலிப்பதிவின் உரிமையாளரையே முதலில் சேரும். எனவே பதிவு, குழுவுக்குக் கூலியாக அன்றி அடுத்த கொடைக்கான விளம்பரமாகவே பயன்படக்கூடும்.

சட்டம் இதனை முற்றிலும் கைவிடவில்லை. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துநர் தம் நிகழ்த்துதலின் வணிகப் பயன்பாட்டிற்கு உரிமைத்தொகை பெறவும், நிகழ்த்துநராக அடையாளம் காட்டப்படவும் வழிசெய்கிறது. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். பாடகர் மட்டுமன்றி இசைக்கருவி இசைப்பவரும் அச்சட்டத்தின்படி நிகழ்த்துநரே. ஆனால் உரிமை கோருவதற்குப் பெயர் வேண்டும். தடத்தின் ‘கலைஞர்’ என்னும் இடத்தில் புலவர் பெயர் மட்டும் இடம்பெற்றால், குடம் அடித்தவரும் உடுக்கை இசைத்தவரும் பின்பாட்டுப் பாடியவரும் உரிமை கோரச் சான்றின்றி நிற்பர்.

முடிவுரை

இசைத்தளம் வில்லுப்பாட்டை அழிப்பதுமில்லை, அப்படியே காப்பதுமில்லை. கொடையிலிருந்து பிரிக்கத்தக்க பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எந்த ஊர்க் கொடை, எந்த நாள், கதையின் எப்பகுதி, யார் எக்கருவி இசைத்தார் என்னும் குறிப்புகள் பதிவோடு இணைந்தால் இழப்பு ஓரளவேனும் குறையும். இக்கடமை வணிக நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. களஆய்வில் பதிவுசெய்த ஒலிக்கோப்பில் தகவலாளர் ஒருவர் பெயரை மட்டும் எழுதும் ஆய்வாளரும் இசைத்தளத்தின் பிழையையே செய்கிறார். அப்பிழையை நாட்டார் வழக்காற்றியல் துறை தன் களக்குறிப்பேட்டிலிருந்தே திருத்தத் தொடங்கலாம்.