முகத்திமாவில் கொத்தனாரின் இடம்

இப்னு கல்தூன் அவர்கள் ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) எழுதி முடித்த 'முகத்திமா'வை வரலாற்றுத் தத்துவ நூலென்றே அறிஞர் பலரும் போற்றுகின்றனர். அப்போற்றுதல் தகும், எனினும் அது நூலின் ஒரு பகுதியையே தொடுகிறது என்பது நம் துணிபு.

பழம்பெருங் கட்டடங்களைக் கண்டோர், அவற்றை எழுப்பிய ஆது, ஸமூது கூட்டத்தார் மலையனைய உடலினர் என நம்பினர். இமாமவர்கள் அதனை மறுத்தார்கள். ஸமூதின் குடைவரை வீடுகள் வழக்கமான அளவினவே; பெருங்கட்டடம் எழுந்தது திரண்ட மனித உழைப்பாலும் பளு தூக்கும் பொறிகளாலுமே என்றார்கள். வரலாற்றின் பிழையைத் திருத்தியது கட்டடக்கலை அறிவன்றோ!

அவ்வறிவு மேலெழுந்தவாரியானதன்று. நான்கு முழத்துக்கு இரண்டு முழம் அளவுள்ள பலகைகளை எதிரெதிரே நிறுத்திக் கயிற்றால் பிணித்து, இடையே சுண்ணாம்பு கலந்த மண்ணிட்டு இடித்துச் சுவரெழுப்பும் 'தாபியா' முறையை ஐந்தாம் இயலில் விளக்குகிறார்கள்.

ஆறாம் இயலிலோ, கற்பித்தலும் தொழில்களுள் ஒன்றே என்கிறார்கள். எக்கலையையும் மும்முறை கற்பிக்க வேண்டும். முதலில் சுருக்கம், அடுத்து விளக்கமும் கருத்து வேறுபாடும், இறுதியில் எஞ்சிய நுட்பங்கள். சுவரைப் போலவே அறிவும் அடுக்கடுக்காய் எழுகிறது.

இன்று வரலாறு, கல்வியியல், கட்டடப் பொறியியல் எனப் பிரித்து ஆய்கிறோம். பிரிவு தேவையே, ஆனால் ஒரு துறையின் பிழையை மறுதுறை திருத்தும் வழி அடைபட்டால், மலையுடல் மாந்தர் கதைகள் மீண்டும் நுழையும். வரலாறு பயிலும் மகளும் பொறியியல் பயிலும் மகனும் உள்ள இல்லங்களில் இந்நூலின் ஐந்தாம், ஆறாம் இயல்களை இருவரும் சேர்ந்தமர்ந்து படிப்பார்களாக.